வாரந்தோறும் வந்த வரலாறு

வங்கக் கடலின் கரையில் அமைந்த புதுச்சேரி, தமிழிலக்கிய வரலாற்றில் தனியிடம் பெற்ற நகரமாகும். ஆங்கில ஆட்சியின் அடக்குமுறைக்குத் தப்பி 1908-ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்த பாரதியார், 1918 வரையில் இந்நகரிலேயே தங்கித் தம் சிறந்த பாடல்கள் பலவற்றை இயற்றினார். 1891-இல் இந்நகரில் பிறந்த பாரதிதாசன், அவர் வழிநின்று கவிதையுலகில் புதுநெறி கண்டார். கவிதைக்கு இவ்விருவரும் பெருமை சேர்த்தனர். உரைநடைக் கதைக்கு இந்நகரம் அளித்த கொடை பிரபஞ்சன். வார இதழின் தொடர்கதை என்னும் எளிய ஊர்தியில் 250 ஆண்டுகட்கு முற்பட்ட புதுச்சேரியை ஏற்றிவந்து, தமிழ் மக்களின் வீட்டு வாயிலில் இறக்கியவர் அவர்.

தொடர்கதை என்றவுடன் முகஞ் சுளிப்போர் சிலர் உளர். பொழுது போகாதவர் படிப்பது என்றும், பணத்துக்காக எழுதுவது என்றும் அதனை அவர்கள் இகழ்வர். வரலாறு என்றவுடன் அஞ்சி ஒதுங்குவோர் வேறு சிலர். அரசர் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்வதே வரலாறு என்பது அவர்கள் எண்ணம். பலரும் விரும்பிப் படிக்கும் எழுத்து உண்மைக்கும் உரிய இடம் தரக்கூடுமா? ஏழை எளியவர் வாழ்வும் வரலாறு ஆகுமா? இவ்விரு வினாக்களுக்கும் பிரபஞ்சனுடைய எழுத்துப் பணியில் விடை கிடைக்கின்றது. அதனை அறியுமுன், தொடர்கதை என்பது எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை ஒருவாறு காண்போம்.

முழு நூலாக எழுதி முடித்த கதையை அச்சிட்டு விற்பது ஒரு முறை. ஒரு நீண்ட கதையைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து, இதழ்களில் கிழமைதோறுமோ திங்கள்தோறுமோ வெளியிடுவது மற்றொரு முறை. நூலை விலைகொடுத்து வாங்க இயலாதவரும் சில காசுகளுக்கு ஓர் இதழை வாங்க இயலும். ஆதலால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுத்தறிவு பரவிய நாடுகளிலெல்லாம் தொடர்கதை செழித்து வளர்ந்தது. இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸ் தம் 'பிக்விக்' நாவலை 1836, 1837 ஆகிய ஆண்டுகளில் திங்கள்தோறும் ஒரு பகுதியாக வெளியிட்டார். முதலில் சில நூறு படிகளே விற்ற அப்பகுதிகள் முடிவில் பல்லாயிரக்கணக்கில் விற்றன.

பிரான்சு நாட்டிலும் 1836-ஆம் ஆண்டளவில் நாளிதழ்கள் தொடர்கதை வெளியிடத் தொடங்கின. இதழின் பக்கத்தில் அடிப்பகுதியைக் கோடிட்டுப் பிரித்து, அவ்விடத்தைக் கதைக்கு ஒதுக்கினர். எழேன் சூ என்பவர் 1842, 1843 ஆகிய ஆண்டுகளில் எழுதிய தொடர்கதை பாரிஸ் நகரத்து ஏழைகளின் வாழ்வைச் சித்திரித்தது. அமைச்சர் முதல் கூலியாள் வரை அனைவரும் அதனைப் படித்தனர். எழுதத் தெரியாத ஏழைகளின் துயரை, எழுதத் தெரிந்தவர் அனைவரும் அறியச் செய்தது அக்கதை. நம் காலத்திலும் இம்மரபு மறையவில்லை. நார்வே நாட்டில் வார இதழ்களுக்குத் தொடர்கதை எழுதிப் பழகிய மார்கிட் சாண்டெமோ என்னும் அம்மையார் (1924-2018), ஒரே குடும்பத்தின் கதையைப் பதினாறாம் நூற்றாண்டு தொடங்கி இருபதாம் நூற்றாண்டு வரை தொடர்ந்து, 47 நூல்களாக எழுதினார். அவை 1982 முதல் 1989 வரை வெளிவந்து, வடநாட்டு மக்களிடையே பெரிதும் பரவின.

தமிழில் இம்முறைக்கு நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் நூலாக வெளிவந்தது. அதனையடுத்துப் புகழ்பெற்ற பி. ஆர். ராஜமய்யருடைய 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி' என்னும் இதழில் தொடராகவே வந்தது. பின்னர்க் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி தம் வரலாற்று நாவல்களால் தொடர்கதையைத் தமிழ்நாட்டின் இல்லந்தோறும் கொண்டு சேர்த்தார். அவருடைய 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை, மூன்றரை ஆண்டுக்கும் மேலாகக் 'கல்கி' வார இதழில் வெளிவந்தது. மணியம் தீட்டிய ஓவியங்கள் அக்கதைக்கு அழகூட்டின. இதழ் வரும் நாளில் யார் முதலில் படிப்பது என்று வீடுகளில் பூசல் எழுந்தது. ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத முதியோர் சூழ்ந்திருந்து கேட்டனர். படித்து முடித்தபின் அத்தொடரின் தாள்களை மட்டும் பிரித்தெடுத்து, தைத்து, அட்டையிட்டுப் பெட்டியில் பாதுகாத்தனர். அவ்வாறு கட்டிய தொகுதிகளைப் பழைய வீடுகளில் இன்றும் காணலாம்.

தொடர்கதை எழுதுவது எளிதான செயலன்று. குறித்த நாளில் குறித்த பக்க அளவுக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். நோயென்றும் துன்பமென்றும் சொல்லி நிற்க இயலாது, அச்சகம் காத்திருக்கும். ஓவியர் படம் வரைவதற்காக நிகழ்ச்சியை முன்கூட்டியே சொல்லவேண்டும். சென்ற வாரம் எழுதிய பகுதியில் பிழை நேர்ந்திருப்பினும் அதனைத் திருத்துதல் அரிது. அது படிப்போர் கைக்குச் சென்றுவிட்டது. ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் சுவை பயக்கவேண்டும். அடுத்த பகுதியை எதிர்பார்க்கவும் செய்யவேண்டும். எதிர்பார்ப்பை வளர்க்கும் இவ்வாற்றலே தொடர்கதையின் சிறப்பு. அதன் குற்றமும் இதிலிருந்தே பிறக்கின்றது. படிப்போரை எப்படியேனும் பிடித்துவைக்க வேண்டும் என்னும் ஆசையால், நடவாததை நடந்ததாகக் காட்டவும், வீணே கதையை நீட்டவும் எழுத்தாளர் துணிவதுண்டு. இச்சோதனையில் வென்றவர்களே நிலைத்து நிற்கின்றனர்.

பிரபஞ்சன் 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் புதுச்சேரியில் பிறந்தார். அவருடைய இயற்பெயர் வைத்திலிங்கம். புதுச்சேரியில் பெத்தி செமினார் பள்ளியில் பயின்ற அவர், பின்னர்த் தஞ்சையை அடுத்த கரந்தையில் தமிழ்ச் சங்கத்தின் கல்லூரியில் சேர்ந்து புலவர் படிப்பை முடித்தார். பழந்தமிழ் நூல்களில் முறையாகப் பெற்ற அப்பயிற்சி, பிற்காலத்தில் அவர் நடைக்கு உறுதி அளித்தது. 1961-இல், பதினாறு வயதில், 'என்ன உலகமடா' என்னும் அவருடைய முதற் சிறுகதை 'பரணி' என்னும் இதழில் வெளிவந்தது.

சிறிது காலம் ஆசிரியராகப் பணியாற்றிய அவர், பின்னர் இதழ்த்துறையை நாடினார். 'குமுதம்', 'ஆனந்த விகடன்', 'குங்குமம்' ஆகிய வார இதழ்களில் பணிபுரிந்தார். இலட்சக்கணக்கானோர் படிக்கும் இதழ் எவ்வாறு உருவாகின்றது, படிப்போர் எதனை விரும்புகின்றனர், ஒரு செய்தியை அவர் மனத்தில் எவ்வாறு பதிய வைப்பது என்பனவற்றை அவர் அங்கே நேரிற் கற்றார். நாளடைவில் பணியைத் துறந்து, எழுத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்டார். தமிழில் எழுத்தை மட்டும் நம்பி வாழ்வது அன்றும் கடினம், இன்றும் கடினம். ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. சிறுகதை, நாவல், நாடகம், கட்டுரை என உரைநடையின் பல துறைகளிலும் உழைத்தார். எளியவரிடம் ஒளிந்திருக்கும் பெருந்தன்மையைக் கண்டு காட்டுவதே அவருடைய சிறுகதைகளின் உயிர்நாடி எனலாம்.

அவர் வளர்ந்த நகரமே அவருக்கு ஒரு பெரிய ஏடாக அமைந்தது. புதுச்சேரியின் தெருக்கள் நேராகவும் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிச் செல்வனவாகவும் அமைந்தவை. கடலையடுத்த பகுதியில் ஐரோப்பியரும், வாய்க்காலுக்கு மேற்கே தமிழரும் வாழ்ந்தனர். வெள்ளையர் நகர், கருப்பர் நகர் என்று அப்பகுதிகளைப் பிரித்து வழங்கினர். ஒரு வாய்க்காலின் இரு கரைகளில் இரு வேறு உலகங்கள் இருந்தன. பிரபஞ்சன் ஒன்பது வயதுச் சிறுவராயிருந்தபோது, 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடினர். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பி வாக்களித்தனர். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியான இணைப்பும் நிறைவேறியது. ஓர் ஆட்சி மாறி மற்றோர் ஆட்சி வருவதைக் கண்ணாரக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அந்தப் பழைய ஆட்சி தோன்றி வலுப்பெற்ற காலத்தில் இத்தெருக்களில் வாழ்ந்த நம் மக்கள் யாவர், அவர்கள் எதனைக் கண்டு மகிழ்ந்தனர், எதற்கு அஞ்சினர் என்பதே அவருடைய வரலாற்று நாவல்கள் ஆராயும் பொருள்.

அக்காலத்தை அறிய அவருக்கு ஓர் அரிய கருவூலம் கிடைத்தது. அதுவே ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். அவருடைய தந்தையார் திருவேங்கடம் பிள்ளை குடும்பத்துடன் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்து, பிரெஞ்சுக் கம்பெனியாருடன் வணிகத் தொடர்பு கொண்டார். மகனும் அவ்வழியிலே உயர்ந்து, 1747-இல் தலைமைத் துபாசி ஆனார். துபாசி என்பவர் இரு மொழி அறிந்தவர். ஆள்வோர் பேச்சை மக்களுக்கும், மக்கள் பேச்சை ஆள்வோருக்கும் எடுத்துரைப்பவர். ஆயினும் அவர் பணி மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. வணிகரிடம் துணி கொள்முதல் செய்தல், அரசர்களுக்கு ஓலை எழுதுதல், வழக்குகளைத் தீர்த்தல், ஆளுநருக்கு அறிவுரை கூறுதல் ஆகிய பலவும் அவர் கையில் இருந்தன.

இத்துணை அலுவல்களுக்கு இடையிலும் அவர் 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் 1761 வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள், தாம் கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதிவந்தார். எந்தக் கப்பல் என்று வந்தது, அதில் என்ன சரக்கு இருந்தது, அதனை வரவேற்க எத்தனை பீரங்கிகள் முழங்கின, நெல் என்ன விலை விற்றது, ஆளுநர் யார்மீது சினங்கொண்டார், எந்தச் சாதியாருக்குள் வழக்கு மூண்டது, ஊரில் என்ன வதந்தி உலவியது என்பனவெல்லாம் அதில் இடம்பெற்றுள்ளன. ஓர் இலக்கியம் படைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. கணக்கெழுதும் வணிகரின் பழக்கத்தால் அவர் நாள்களையும் கணக்கெழுதி வைத்தார். அதனாலேயே அவ்வெழுத்தில் அக்காலத்துப் பேச்சுத் தமிழின் ஓசை அப்படியே நிலைத்துள்ளது.

அந்நாட்குறிப்பு நெடுங்காலம் அவருடைய வீட்டிலேயே கிடந்தது. 1846-இல் அர்மோன் கலுவா மொம்புரூன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைக் கண்டெடுத்தார். பின்னர்ச் சென்னை அரசாங்கம் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்டது. தமிழில் எழுதப்பெற்ற அந்நூல் முதலில் ஆங்கிலத்தில் அச்சேறி, அதன் பின்னரே தமிழ் மூலம் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. நம் வீட்டுச் செல்வத்தின் அருமையை அயலார் சொல்லக் கேட்டு அறியும் நம் இயல்புக்கு இதுவும் ஒரு சான்று.

ஆராய்ச்சியாளர் மட்டுமே புரட்டிய அத்தொகுதிகளைப் பொதுமக்கள் விரும்பும் கதையாக்க முனைந்தார் பிரபஞ்சன். 'மானுடம் வெல்லும்' என்னும் அவருடைய நாவல் 'தினமணி கதிர்' வார இதழில் தொடராக வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாக எழுந்தது 'வானம் வசப்படும்'. இவ்விரண்டும் சேர்ந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விளங்கிய புதுச்சேரியை நம் கண்முன் நிறுத்துகின்றன.

'மானுடம் வெல்லும்' ஆளுநர் டூமாஸ் காலத்தைப் பற்றியது. அவர் 1735 முதல் 1741 வரை புதுச்சேரியை ஆண்டவர். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தின் உட்பகையைப் பயன்படுத்திக்கொண்டு பிரெஞ்சுக்காரர் 1739-இல் காரைக்காலைப் பெற்ற காலம் அது. மராட்டியப் படையெடுப்புக்கு அஞ்சிய ஆர்க்காட்டு நவாபின் குடும்பத்தாரும் சந்தா சாகிபின் குடும்பத்தாரும் 1740-இல் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்ததும் அக்காலத்திலேதான். 'வானம் வசப்படும்' டூப்ளே ஆளுநராயிருந்த காலத்தைப் பற்றியது. 1742-இல் பதவியேற்ற டூப்ளே, வணிகத்துக்காக வந்த கம்பெனியை நாடாளும் வல்லமையாக மாற்ற முயன்றார். 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. 1748-இல் ஆங்கிலத் தளபதி போஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார். டூப்ளேயின் புகழ் வானை எட்டியது. ஆயினும், 1754-இல் அவர் தாயகத்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். 1763-இல் கடன்பட்ட நிலையில் இறந்தார்.

இவை வரலாற்று நூல்கள் அனைத்திலும் காணப்படும் செய்திகள். நாவலாசிரியரின் திறமை இவற்றை அடுக்குவதில் இல்லை. கல்கி சோழர் காலத்தை எழுதியபோது, கல்வெட்டுகளும் செப்பேடுகளுமே பெரும்பாலும் அவருக்குச் சான்றாயிருந்தன. அவை ஒரு செய்தியைச் சொல்லி, நூறு செய்திகளைச் சொல்லாமல் விடுபவை. அவ்விடைவெளிகளைக் கற்பனையால் நிரப்புவது அவருக்கு வாய்த்த பணி. பிரபஞ்சனுக்கு வாய்த்த பணி வேறு. அவர் முன்னே இருந்தது 25 ஆண்டு நாட்குறிப்பு. எதனை எடுப்பது, எதனை விடுப்பது என்பதே அவருக்கு எழுந்த சிக்கல். நாளையும் ஆளையும் மாற்றிக் கதையைச் சுவையாக்கினால், நாட்குறிப்பே எதிர்நின்று சான்று பகரும்.

இதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. நாட்குறிப்பு எழுதியவர் செல்வர்; ஆள்வோருக்கு அணுக்கமானவர்; தம் குலப் பெருமையிலும் தமக்குக் கிடைக்கும் மரியாதையிலும் கருத்துடையவர். ஆதலால், ஆளுநரும் வணிகரும் அவர் எழுத்தில் பக்கம் பக்கமாகப் பேசுகின்றனர். நெசவாளரும், கூலியாளும், அடிமையும் ஒரு வரியில் தோன்றி மறைகின்றனர். 1743-ஆம் ஆண்டைச் சேர்ந்த குறிப்பொன்று, ஏழைகளை ஏமாற்றிக் கடத்திவந்து, ஒளித்துவைத்து, இரவில் கப்பலேற்றி அடிமைகளாக விற்ற கொடுமையைக் கூறுகின்றது. கடத்தியவர் யார், அவருக்கு என்ன தண்டனை என்பன அதில் உண்டு. கப்பலேறிச் சென்றவர்கள் என்ன ஆயினர்? இந்துமாக்கடலின் நடுவே அமைந்த பிரெஞ்சுத் தீவுகளின் தோட்டங்களில் அவர்கள் எவ்வாறு உழைத்தனர்? ஊரில் அவர்களுக்காகக் காத்திருந்த தாய் என்ன நினைத்தாள்? இதனை எழுதி வைக்க அவளிடம் ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை.

சான்றுகள் ஓய்ந்து நிற்கும் இவ்விடத்திலேதான் நாவலாசிரியரின் கடமை தொடங்குகின்றது. பிரபஞ்சனுடைய நாவல்களில் ஆளுநரும் அரசரும் வருகின்றனர். ஆயினும் கதை அரண்மனையை விட்டு அகலாமல் நிற்பதில்லை. தேவரடியார், குடியானவர், சிறு வணிகர், போர்வீரர், ஒடுக்கப்பட்டோர் எனப் பலரும் அவற்றில் இடம்பெறுகின்றனர். இரண்டு அரசர் போரிட்டால் வென்றவர் யார் என்று கேட்பது பழைய வழக்கம். அப்போரில் எரிந்த பயிர் யாருடையது, இழந்த மாடு யாருடையது, ஊரை விட்டு ஓடியவர் யார் என்று கேட்டவர் பிரபஞ்சன். 'மானுடம் வெல்லும்' என்று அவர் பெயரிட்டதன் கருத்தும் இதுவே. அரசுகள் வெல்வதும் தோற்பதும் நிலையற்றவை. துன்பத்திடையிலும் அழியாது நிற்கும் மனிதப் பண்பே முடிவில் வெல்லும் என்பது அவருடைய நம்பிக்கை.

இத்தகைய செய்தியைச் சொல்லத் தொடர்கதை எவ்வாறு துணை செய்தது? நாட்குறிப்பும் தொடர்கதையும் ஒருவகையில் உடன்பிறந்தவை என்பதை இங்கே சிந்தித்தல் நலம். வரலாற்று நூலை எழுதுபவர் முடிவை அறிந்தே தொடங்குகின்றார். நாட்குறிப்பை எழுதுபவருக்கோ நாளை நடப்பது தெரியாது. 1748-இல் முற்றுகையின்போது பீரங்கி முழக்கத்தைக் கேட்டுக்கொண்டு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைக்கு, ஊர் பிழைக்குமா அழியுமா என்பது தெரியாது. டூப்ளேயின் வெற்றிகளைப் பாராட்டி எழுதிய நாளில், அவர் வீழ்ச்சி தெரியாது. வாரந்தோறும் தொடர்கதை படிப்பவருக்கும் அடுத்த பகுதி தெரியாது. ஆதலால், இதழுக்காகக் காத்திருந்தவர்கள் 250 ஆண்டுகட்கு முன் புதுச்சேரி மக்கள் உணர்ந்த ஐயத்தையும் அச்சத்தையும் தாமும் ஓரளவு உணர்ந்தனர். முடிந்துபோன காலத்தை முடியாத காலமாகக் காட்டுவதே வரலாற்று நாவலின் தனிக்கலை. அக்கலைக்குத் தொடர்கதையைவிடப் பொருத்தமான வடிவம் கிடைத்தல் அரிது.

நாட்குறிப்பின் முடிவும் ஒரு கதை போலவே அமைந்துள்ளது. 1760-இல் ஆங்கிலேயர் மீண்டும் புதுச்சேரியை வளைத்தனர். உணவின்றி ஊர் வாடியது. 1761 சனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைந்தார். அதே திங்களில் ஆனந்தரங்கப் பிள்ளையும் உயிர்நீத்தார். ஆங்கிலேயர் கோட்டையையும் பெரும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். டூப்ளே கண்ட கனவு மண்ணோடு மண்ணாயிற்று. ஆனால், தமிழர் பகுதியில் அமைந்த பிள்ளையின் மாளிகை எஞ்சி நின்றது. அது இன்றும் புதுச்சேரிப் பெருங்கடைத்தெருவின் அருகே நிற்கின்றது. அவர் பெயரைத் தாங்கிய ரங்கப்பிள்ளை வீதியும் உள்ளது. பீரங்கிகள் ஓய்ந்தபின்னும் ஒரு மனிதர் நாள்தோறும் எழுதிவைத்த எழுத்து ஓயவில்லை என்பது எண்ணத்தக்கது.

பிரபஞ்சனுடைய உழைப்பு வீண்போகவில்லை. 'மானுடம் வெல்லும்' இலக்கியச் சிந்தனை அமைப்பின் பரிசைப் பெற்றது. 'வானம் வசப்படும்' 1995-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. கல்கியின் 'அலை ஓசை' 1956-இல் அதே விருதைப் பெற்றிருந்தது. அதுவும் வார இதழில் தொடராக வந்த கதையே. பலரும் படிப்பதனால் ஓர் எழுத்து தாழ்ந்ததாகிவிடாது என்பதற்கு இவ்விருதுகள் சான்று. அவ்வாறே, பலரும் படிப்பதனாலேயே ஓர் எழுத்து உயர்ந்ததாகிவிடுவதும் இல்லை. எழுதுபவர் உண்மைக்கும் உழைப்புக்கும் எவ்வளவு கடன்பட்டவராக நடந்துகொள்கின்றார் என்பதே அளவுகோல்.

2018-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் பிரபஞ்சன் புதுச்சேரியில் காலமானார். அப்போது அவருக்கு வயது 73. புதுச்சேரி அரசு அவருக்கு அரசு மரியாதை அளித்துச் சிறப்பித்தது. படைத்தலைவருக்கும் ஆட்சியாளருக்கும் உரியதென்று கருதப்பட்ட மரியாதை, தம் நகரத்து எளியவர்களின் கதையை எழுதிய ஒருவருக்குக் கிடைத்தது பொருத்தமே ஆகும்.

மாணவர்கள் இவ்வரலாற்றிலிருந்து அறியத்தக்கவை இரண்டு. கதையைச் சுவைக்காகப் படிப்பது தவறன்று. ஆனால், படிக்கும்போதே இது நடந்திருக்குமா, இதற்குச் சான்று யாது, இக்கதையில் பேசாமல் நிற்பவர் யார் என்று கேட்டுப் பழகுதல் வேண்டும். வினாவோடு படிப்பவருக்குத் தொடர்கதையும் பாடநூலாகும். வினாவின்றிப் படிப்பவருக்குப் பாடநூலும் வெறும் தாளேயாகும். மற்றொன்று, வரலாறு தொலைவில் உள்ள கோட்டைகளில் மட்டும் உறைவதில்லை என்பது. நம் ஊர்த் தெருவின் பெயரிலும், பாட்டனார் எழுதிவைத்த பழைய கணக்கேட்டிலும், எழுதப்படாமல் முதியோர் நாவில் மட்டும் வாழும் செய்திகளிலும் அது உறைகின்றது. அவற்றைக் கேட்டறிந்து எழுதி வைக்கும் கை ஒவ்வொரு தலைமுறையிலும் வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியிராவிட்டால் பிரபஞ்சனுக்குக் கதை கிடைத்திராது. பிரபஞ்சன் எழுதியிராவிட்டால் அந்நாட்குறிப்பின் உயிர் மக்களுக்குப் புலப்பட்டிராது. இன்று நாம் எழுதி வைப்பதே, நாளை பிறப்போர் நம்மை அறிந்துகொள்ளும் வாயிலாகும்.